கையெழுத்துக்கு மேலே பாதிப் பக்கம்

இன்று காலை எங்கள் பேரூராட்சியில் கூட்டம். வாரச்சந்தையை பைபாஸுக்கு மாற்றலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். திருச்சியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தேன்.

வாசலிலேயே ஒரு நோட்டை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் டீயும் மிக்சர் பொட்டலமும்.

போட்டேன்.

மிக்சரைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. கையெழுத்துகள் பக்கத்தின் பாதியில்தான் தொடங்குகின்றன. மேலே ஒன்றும் எழுதவில்லை.

"மேல என்ன சார் வரும்?" என்று நோட்டை வைத்திருந்த பேரூராட்சி எழுத்தரிடம் கேட்டேன்.

"தீர்மானம் தம்பி. கூட்டம் முடிஞ்சதும் எழுதிக்குவோம்."

"நாங்க வேணாம்னு சொன்னா?"

"அதையும் எழுதுவோம். டீ ஆறுது பாருங்க."

பக்கத்தில் செல்வி அக்கா நின்றிருந்தார். பச்சைமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து சந்தையில் விற்பவர். மலை பஸ் பைபாஸ் பக்கம் போகாது. சந்தை அங்கே போனால் மூட்டையைச் சுமந்து நடக்க வேண்டும், அல்லது வியாபாரத்தை விட வேண்டும்.

"சார், இனிஷியல் விட்டுட்டேன். நோட்டக் குடுங்க" என்றார்.

வாங்கி, மேலே இருந்த இடத்தில் பெரிதாக எழுதினார்: 'சந்தை இங்கயே இருக்கணும்.'

"நீங்களும் எழுதுங்க தம்பி. படிச்சவங்கதான?"

எழுதினேன். பின்னால் நின்றவர்களும் எழுதினார்கள். பக்கம் நிரம்பிவிட்டது.

எழுத்தர் கோபப்படவே இல்லை. நோட்டை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"பரவால்லங்க. இது ரஃப் நோட்டுதான். தீர்மானத்த ஃபேர் நோட்டுல எழுதிக்குவோம்."

உங்கள் ஊரில் யாராவது ஃபேர் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா?