தம்பி நின்ற பக்கம்

ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் உறைந்த உணவுத் தொழிற்சாலையில் நான் பெட்டி அடுக்குகிறேன். பெட்டி நகரும் பெல்ட்டின் இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஓர் உக்ரேன்காரி. அவளுக்கும் என்னைப் போல ஐம்பது தாண்டிவிட்டது. ஊரில் கணித ஆசிரியையாக இருந்தவள். ரஷ்யாவுடனான போரின் இரண்டாம் வருடத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தாள். கணவனை நாட்டை விட்டு வெளியேற விடவில்லை. பிறகு படைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். போரைப் பற்றிப் பேச அது போதும். தன் தாயின் வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம்தான் மின்சாரம் என்று ஒருநாள் சொன்னாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஜாம் போத்தலில் பஞ்சை அடைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்த விதத்தைச் சொன்னேன். கடதாசியில் கீறிக் காட்டச் சொல்லி, படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினாள். அதன்பிறகு தேநீர் இடைவேளையில் சேர்ந்தே இருப்போம்.

"என் கணவருக்குப் பதினொரு மாதமாக லீவில்லை. அவருடைய இடத்துக்கு விட ஆளில்லை" என்பாள். "முதல் வருடம் வரிசையில் நின்று சேர்ந்தார்கள். இப்போது யாரும் மிச்சமில்லை."

என் கடைசித் தம்பி ஊரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருந்தான். நாடு வங்குரோத்தாகிப் பெற்றோலும் உதிரிப்பாகமும் இல்லாமல் போனபோது அது படுத்துவிட்டது. பிறகு எழும்பவேயில்லை. பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்று ஓர் ஏஜென்சிக்காரன் அவனை மொஸ்கோ வழியாகக் கொண்டுபோனான். மூன்று வாரம் சத்தமில்லை. ஒரு மத்தியானம், வேலையிடத்தில் உடுப்பு மாற்றும் அறையில் நிற்கும்போது போன் வந்தது.

"அக்கா, நான் ஆமியில நிக்கிறன்."

"எந்த ஆமியிலயடா?"

"ரஷ்யன் ஆமி. ஏஜென்சிக்காரன் ஒரு பேப்பரில கையெழுத்து வைக்கச் சொன்னவன். விசாவுக்கு எண்டு நினைச்சு வைச்சிட்டன். அது ஒரு வருசத்துக் கொன்ராக்ட். வாகனம் திருத்திற வேலைதான், அழாதேங்கோ."

முகத்தைக் கழுவிவிட்டு பெல்ட்டுக்குத் திரும்பினேன். எதிரே அவள் சிரித்தபடி முதல் பெட்டியைத் தள்ளினாள். அன்றைக்கு நான் எதையும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அப்படியே ஒரு வருடம் போய்விட்டது.

எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். உங்கள் தம்பி கனேடியப் பிரஜை இல்லையே என்றார்கள், மரியாதையாகத்தான். எங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு எழுதினேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. ஏஜென்சிக்காரனின் போன் வேலை செய்யவில்லை. ஒரு வருடம் முடிந்ததும் தன்னை விடச் சொல்லித் தம்பி கேட்டிருக்கிறான். சண்டை முடியும்வரைக்கும் என்றார்களாம்.

உக்ரேன் முன்னேறியது என்று செய்தி வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ரஷ்யா முன்னேறினால் அவள் வீங்கிய கண்களோடு வந்து என் எதிரே நிற்பாள். யார் வெல்ல வேண்டும் என்று கும்பிடுவது? சாமி அறையில் விளக்கை மட்டும் கொளுத்திவிட்டு வந்த நாட்கள் உண்டு.

ஒரு சனிக்கிழமை தங்கள் தேவாலய மண்டபத்துக்கு வரும்படி கூப்பிட்டாள். சாட்டுச் சொல்லித் தப்ப வாய் வரவில்லை. அங்கே மரச்சட்டத்தில் ஒரு பெரிய வலையைக் கட்டி, பச்சையும் மண்ணிறமுமான துணிக் கீலங்களை முடிந்துகொண்டிருந்தார்கள். "இதைப் பதுங்குகுழிக்கு மேலே போட்டால் ட்ரோனுக்குத் தெரியாது. இது என் கணவரின் பிரிவுக்குப் போகிறது" என்றாள். நானும் இருந்து கீலங்களை முடிந்தேன். ஏனோ தெரியாது, ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கித்தான் போட்டேன்.

போன் அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, ஆக்கள் காணாதாம். நாளையிண்டைக்கு எங்களையும் முன்னுக்கு ஏத்துறாங்கள்."

"எங்க?"

அவன் சொன்ன ஊர்ப்பெயரை நான் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் அவளுடைய கை நின்றது. தமிழ் தெரியாவிட்டாலும் அந்த ஊர் அவளுக்குத் தெரியும். கணவன் நிற்கும் ஊர்.

நான் போனை வைத்ததும் கேட்டாள். "அங்கே உனக்கு யார்?"

"என் தம்பி."

"எங்கள் பக்கத்திலா?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடியிலிருந்த துணியை மெதுவாக மடித்தாள்.

"சரணடையச் சொல்லு" என்றாள் கடைசியில். "அதற்கென்று எங்கள் படையின் போன் நம்பர் ஒன்று இருக்கிறது. உயிரோடு வைத்திருப்பார்கள்."

எங்கள் நாட்டுச் சண்டையின் கடைசி நாட்களில் என் அக்காவின் கணவர் கையை உயர்த்திக்கொண்டு போய் ஆமியிடம் சரணடைந்தவர். பஸ்ஸில் ஏற்றியதை அக்கா தன் கண்ணால் கண்டாள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அக்கா இன்னமும் அவருடைய படத்தைப் பிடித்தபடி றோட்டோரப் போராட்டங்களில் நிற்கிறாள். இதைச் சொன்னேன். "இது வேறு போர்" என்றாள் அவள். நம்பரை ஒரு துண்டில் எழுதித் தந்தாள்.

அடுத்த நாள் காலை தம்பி போன் எடுத்தபோது அந்தத் துண்டு என் கையில் இருந்தது.

"தம்பி, வழி கிடைச்சா கையைத் தூக்கிக்கொண்டு போ."

"அத்தானை மறந்திட்டீங்களோ, அக்கா?"

"மறக்கேல்லயடா."

"பின்ன?"

"வேற ஒண்டும் எனக்குத் தெரியேல்ல."

அவன் எதையோ தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "நம்பரைச் சொல்லுங்கோ" என்றான். இரண்டு தரம் வாசித்தேன். அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தொடர்பு அறுந்தது.

திங்கட்கிழமை அவள் சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு பெல்ட்டுக்கு மாறிவிட்டாள். ஐந்து வாரம் அவளுடைய முதுகைத்தான் பார்த்தேன். கோபம் வரவில்லை. அவளுடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் மாறியிருப்பேன்.

ஆறாவது வாரம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் வந்து இருந்து, போனை நீட்டினாள். உக்ரேனிடம் பிடிபட்டவர்களின் பட்டியல், படங்களோடு. "நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். உன் தம்பியின் பெயர் என்ன?" நான் சொல்லச் சொல்லத் தன் எழுத்தில் எழுதினாள். ஓர் எழுத்து அவளுடைய வாய்க்குள் வரவேயில்லை. நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தோம்.

அந்தத் தொடர்பு அறுந்து இப்போது நாலு மாதம். தம்பி எந்தப் பட்டியலிலும் இல்லை. மத்தியானம் அவள் வந்து இல்லையென்று தலையாட்டுவாள். உன்னுடையவர் எப்படி என்று கேட்பேன். "நேற்று வரை இருக்கிறார், அதே இடத்தில்" என்பாள். பிறகு இருவரும் சாப்பாட்டைத் திறப்போம்.