சிவப்புப் பூ

அரளி வாசனை பட்டால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை செய்யலாமா என்று சதுரங்கப்பட்டினத்து அம்மன் முன்னால் பூக்கட்டிக் கேட்டோம். வெள்ளை அரளி வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டு பொட்டலங்களில் அவள் எடுத்ததில் சிவப்பு இருந்தது. வெளியே கடல் இரைந்துகொண்டே இருந்தது.

"வாணாம், வூட்டுக்குப் போலாம் வா," என்றேன்.

"பூ வாணான்னுது, சரி. மாடி ஏறினா மூச்சு வாங்குதே, அத யாரு வாணான்னு சொல்றது?" என்றாள்.

மறுவாரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். அம்மன் பேச்சை மீறுகிறோமே என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

"மூஞ்சத் தொடய்யா. அவ என்கூட உள்ள வராளான்னு நான் பாத்துக்கறேன். நீ போய் நாஸ்தா துன்னு."