மாமியாரின் நாடகமும் என் விபிஎன்னும்

வெளிநாட்டில், நார்த்மீட் என்ற ஊரில், வீட்டிலிருந்தே வேலை செய்பவள் நான். அன்று காலை முக்கியமான கூட்டம் இருக்க, அலுவலகக் கணினிகளோடு சேர்க்கும் விபிஎன் இணையவே மாட்டேன் என்றது. மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஹோலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "பிள்ளை, என்ர நாடகம் நிண்டு போச்சு!" என்று கத்தினார்.

எரிச்சலோடு அலுவலக உதவிப் பிரிவை அழைத்தால், நான் சென்னையிலிருந்து நுழைவதாகக் காட்டியதால் என் கணக்கையே பூட்டிவிட்டார்களாம்!

கணவரைப் பிடித்தேன். "ஓம், அம்மா சென்னை நாடகம் பார்க்கத்தானே மோடத்தில, நாங்கள் சென்னையில இருக்கிற மாதிரிக் காட்டுற ஒரு விபிஎன் போட்டனான். சொல்ல மறந்திட்டன்" என்றார் சாவகாசமாக.

கூட்டம் தவறியதுதான் மிச்சம்.

இப்போது அந்த விபிஎன் டிவியில் மட்டும். இணைப்பு அறுந்தால் நான் மோடத்தைத் தொடுவதே இல்லை. நேரே கணவரிடம் போய், "இப்ப புதுசா என்னத்தைப் போட்டனீங்கள்?" என்றுதான் கேட்கிறேன்.