கழிவு நூலுக்குள் ஒளித்த ஊசிகள்

எங்கள் வீட்டு மானத்தை நைனா கழிவு நூல் மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்களுக்கு ஆறு பவர்லூம். தங்கைக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மூடியை இறுக்கி, மேலே ‘ஊசி’ என்று எழுதி, முனிசிபாலிட்டி வண்டியில் தனியாகக் கொடுக்கும்படி சுகாதார ஊழியர் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். வண்டியோ நடுத்தெருவில் நிற்கும். டப்பாவை நாலு பேர் பார்ப்பார்கள், விஷயம் தங்கைக்குப் பேசி வைத்திருந்த புத்தூர் மாப்பிள்ளை வீட்டுக் காதுக்கு எட்டும், சம்பந்தம் முறிந்துபோகும் என்று நைனா பயந்தார். ஊசிகளைக் கழிவு நூலில் சுற்றி மூட்டைக்குள் திணித்தார். வெள்ளை நூலையும் சாய நூலையும் வெறுங்கையால் பிரிக்க ஓர் அம்மா வாராவாரம் வருவது அவருக்குத் தெரியாதா என்ன? பட்டம் வாங்கிய நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். படித்து என்னத்தைக் கிழித்தேன்.

ஒருநாள் அந்த அம்மாவின் விரலில் ஊசி ஏறிவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக நைனாவிடம் வந்தார்.

“யாரு ஊசிண்ணா இது? ஆஸ்பத்திரியில கேப்பாங்க. வூட்ல புள்ளைங்க இருக்குது, எனக்கு பயமா கீது. சொல்லிடுண்ணா.”

“நூலோட எங்கிருந்தாவது வந்திருக்கும்” என்றார் நைனா. மீசை மட்டும் முறுக்கியபடி இருந்தது. நான் அறுந்த இழையைத் தேடுகிறவன்போலத் தறியில் குனிந்துகொண்டேன்.

உள்ளேயிருந்து தங்கை வந்தாள்.

“என்னுதுக்கா. எனக்கு சுகர். ஒட்டிக்கிற நோவு வேற எதுனா கீதான்னு என் ரத்தத்தையும் பாக்கட்டும். வா, போலாம்.”

ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் அவள் திரும்பியதும் நைனா வாசலுக்கு ஓடினார். ரத்தத்தில் என்ன வந்தது என்று கேட்கவில்லை. அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்றும் கேட்கவில்லை.

“நம்ம ஊரு ஆளுங்க யாருனா பாத்தாங்களா?”

சீ, என்ன மனிதர் என்று தோன்றியது. அதையே கேட்கத்தான் நானும் எழுந்து வந்திருந்தேன்.

“பாத்தாங்க. எனக்கு வேற ஒண்ணும் இல்லியாம். அவங்களுக்குத்தான் எதுக்கும் மூணு மாசம் கழிச்சி மறுபடியும் டெஸ்ட்டு. அவங்க வூட்டுக்காரரு தெருமுனையில நின்னுக்கினு கீறாரு நைனா. உன்கிட்ட பேசணுமாம்.”

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினார். மிச்சமிருந்த ஆண்பிள்ளை நான். போய்ப் பேசினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தங்கைதான் மறுபடியும் போனாள்.