கறுத்த பால்பல்

எழுத்து கோணலாயிருக்கும், பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுடைய முன்பக்கப் பால்பல்லில் சொத்தை. டாக்டரம்மா துளைக்காமல், மருந்து தடவியே அதை நிறுத்தினார். அந்த மருந்தால் பல் கறுக்கும் என்று முன்பே சொன்னார், தலையாட்டினேன்.

பூதப்பாண்டியில் ஒரு கல்யாண வீட்டில் என் மச்சினன், "ஏட்டி, வாயில கரிக்கட்டையா வச்சிருக்க?" என்று அவளைக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அது மருந்து என்று சொல்ல எனக்குக் கூச்சம். "வாய மூடிச் சிரி மக்கா" என்றேன் அவளிடம்.

அடுத்த முறை டாக்டரம்மா, "சொத்தை பரவல்ல. எங்க, சிரி பாப்போம்" என்றார். மகள் கையால் வாயைப் பொத்தினாள்.

"அப்பாதான் மூடச் சொன்னாவ."

அந்தப் பல் விழுந்து, வெள்ளைப்பல் முளைத்துவிட்டது. சிரிப்பு வந்தால் இன்னும் அவள் கைதான் முதலில் எழும்புகிறது. எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அவளிடம் சொல்ல வாய் வராததை இங்கே எழுதிவிட்டேன்.

ஆவணி 22, ஞாயிறு.