இடது பக்கத்திலிருந்து வந்த மோட்டார் சைக்கிள்

பதினெட்டு வருடம் நான் பள்ளி வேன் ஓட்டினேன். எங்கள் ஊர் ஜெலுத்தோங்கின் அடுக்குமாடிப் பிளாட்டுகளில் பிள்ளைகளை ஏற்றி இரண்டு பள்ளிக்கூடங்களில் இறக்கிவிடுவேன், மதியம் திரும்ப அழைத்துவருவேன். அதைத் தவிர வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரர் நீட்டிய பையை இடது கையால் வாங்கினேன். பை கீழே விழுந்தது. என் கை சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்துக் குனிந்தவள், அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. மீன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். பக்கவாதம். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. அதனால் உடம்பின் இடது பக்கம் விழுந்துவிட்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நல்லவேளை, வேன் ஓட்டும்போது வரல." நானும் தலையாட்டினேன். ஆனால் என் மனதில் ஓடிய கணக்கு வேறு. விடுமுறை முடிய இன்னும் எத்தனை நாள், அதற்குள் நான் தேறிவிடுவேனா என்பதுதான் அது.

தேறவில்லை. இரண்டு மாதத்தில் கால் ஓரளவு வந்தது, கைத்தடியோடு நடந்தேன். கை வரவில்லை. எங்கள் பிளாட்டின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓர் அக்காள்தான் என் வேனைத் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் என் வேன் கிளம்பும் சத்தம் கேட்கும். படுக்கையில் கிடந்தபடியே, கியர் மாற்றும்போது அவர் அவசரப்படுகிறார் என்று நினைப்பேன்.

"வேன் சாவி இன்னொன்னு இருந்துச்சே, எங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"இருக்கு. எங்க போயிடப் போவுது?" என்றார் அவர். எங்கே என்று சொல்லவில்லை.

அவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர். வாரத்தில் இரண்டு மதியம் விடுப்பு எடுத்து என்னை மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே எனக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவள். அவள்தான் என்னை அந்த ரோபோ முன்னால் உட்காரவைத்தாள்.

ரோபோ என்றதும் மனித உருவத்தில் ஏதோ வரப்போகிறது என்று பயந்திருந்தேன். பார்த்தால், தையல் மெஷின் மேசை போல ஒன்று, அதிலிருந்து நீளும் ஓர் இரும்புக் கை. என் முன்கையை அதன் தொட்டியில் வைத்து, பட்டைகளால் கட்டி, விரல்களைக் கைப்பிடியில் சுற்றிவிட்டாள். எதிரே திரையில் ஒரு படகு. கையை முன்னால் தள்ளினால் படகு நகரும்.

"தள்ளுங்க, ஆண்ட்டி."

தள்ளினேன். இரண்டு மாதமாக மடியில் கிடந்த கை, முன்னால் போனது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நான் செய்றேனா, இல்ல இது செய்யுதா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான். நீங்க கொஞ்சம் தள்ளுனா, மிச்சத்த அது தள்ளும். நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும் லா."

போகிற நாளில் இருநூறு, முந்நூறு முறை அந்தப் படகை ஓட்டினேன். அந்த மெஷினின் பொறுமை மனிதர் யாருக்கும் வராது. போகப் போக அவள் ரோபோவின் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் படகு சேற்றில் மாட்டியதுபோல நின்றுவிடும், சில நாளில் மறுபடி நகரும். ஐந்தாவது வாரம், கட்டுகளை அவிழ்த்த பிறகும் என் கட்டைவிரல் நான் நினைத்தபடி மடங்கியது. வீட்டுக்காரர் அதை மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

அன்றைக்கே கேட்டுவிட்டேன். "எப்ப வண்டி ஓட்டலாம்மா?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "அடுத்த வாரம் ஒரு டெஸ்ட் செஞ்சி பாப்போம், ஆண்ட்டி" என்றாள்.

டெஸ்ட் என்பது தலையில் மாட்டும் ஒரு பெரிய கண்ணாடி. மாட்டியதும் அறை மறைந்து ஒரு சாலை வந்தது. இரண்டு பக்கமும் கடைவீடுகள், வெயில், நிறுத்திவைத்த கார்கள். நான் சாலையோரம் நிற்கிறேன். நிஜத்தில் என் இடுப்பில் கட்டிய பெல்ட்டை அவள் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

"ரெண்டு பக்கமும் பாருங்க. ரோடு கிளியரா இருந்தா வலது கையில உள்ள பட்டன அழுத்துங்க. நீங்க நடக்கிற மாதிரி வரும்."

பதினெட்டு வருடம் சாலையிலேயே வாழ்ந்தவளுக்கு இது ஒரு டெஸ்ட்டா என்று நினைத்தேன். வலது பக்கம் பார்த்தேன், ஒரு கார் போகட்டும் என்று விட்டேன். இடது பக்கம் பார்த்தேன். ஒன்றுமில்லை. அழுத்தினேன். பாதிச் சாலை கடந்ததும் காதைக் கிழிக்கும் ஹாரன், எல்லாம் சிவப்பானது.

"பரவால்ல, இன்னொரு தடவ."

மறுபடியும் அதே. பத்து முறையில் ஆறு முறை அடிபட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்க மெஷின்ல ஏதோ கோளாறும்மா. ஒன்னுமே இல்லாத ரோட்டுல எங்கேருந்து வண்டி வருது?"

அவள் கண்ணாடியைக் கழற்றி, என்னை உட்காரவைத்து, நடந்ததைத் திரையில் போட்டுக் காட்டினாள். நான் பார்த்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி நகரும் என்றாள். புள்ளி வலது பக்கம் போனது, காரோடு சேர்ந்து நடுவுக்கு வந்தது, அங்கேயே நின்றது. இடது கோடியில், சாப்பாடு டெலிவரி பெட்டி கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. மெதுவாக, நன்றாக வெளிச்சத்தில் வந்தது. பச்சைப் புள்ளி அதன் பக்கமே போகவில்லை.

"நான் இடது பக்கம் திரும்பினேனே" என்றேன்.

"திரும்பினீங்க, ஆண்ட்டி. நடு வரைக்கும்தான். ஒங்க கண்ணு நல்லாதான் இருக்கு. மூளைதான் இடது பக்கத்த கணக்குல எடுக்க மாட்டேங்குது. அதுக்குத் தெரியல. தெரியலங்கறதும் அதுக்குத் தெரியல."

அப்போதுதான் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "மூனு மாசமா ஒனக்குத் தட்டத் திருப்பி வெக்கிறேன்."

"என்ன தட்டு?"

"சாப்பாட்டுத் தட்டு. பாதி சோத்த அப்படியே வச்சிட்டு, இன்னிக்கு ஏன் கம்மியா போட்டீங்கன்னு கேப்ப. நான் தட்டத் திருப்பி வெப்பேன். மறுபடியும் சாப்புடுவ."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியப் பத்தி கேப்ப. அதுக்கு நான் என்ன சொல்றது?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மெஷினைக் குறை சொல்லலாம், பயிற்சிப் பெண்ணைக் குறை சொல்லலாம். சத்தமில்லாமல் தட்டைத் திருப்பிய மனிதரை என்ன சொல்வது? அந்தக் கோபத்துக்குப் போக்கிடம் இல்லை. மூன்றாம் நாள் மாலை, நான் கண்ணை மூடியிருக்கும்போது மேசை முழுக்கத் துணி கிளிப்புகளைப் பரப்பச் சொன்னேன். கண்ணைத் திறந்து எண்ணினேன். "ஏழு" என்றேன்.

"கையால தடவிப் பாரு" என்றார்.

வலது கையை மேசை மேல் இடது பக்கம் கொண்டுபோனேன். இன்னும் ஐந்து கிளிப்புகள் விரலில் தட்டுப்பட்டன. மேசை அங்கே முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த இடத்தைத் தாண்டி அவை கிடந்தன.

வேனின் கதவு இடது பக்கம். பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கம்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இறங்கினால், அது படிக்கட்டு ஏறும்வரை இடது பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நிற்பேன். இனி அந்தக் கண்ணாடி எனக்கு வெறும் காலி. யாரும் என்னிடம் வேனை விடச் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது நானே சொன்னேன்: "வேன மேல உள்ள அக்காவே ஓட்டட்டும்." அவர் சரி என்றார். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மறுநாள் மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போய், அந்த அக்காளிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். யாருக்கு வண்டியில் வாந்தி வரும், யாரைப் பாட்டுப் போட்டால்தான் எழுப்ப முடியும், யாருடைய அம்மா தினமும் ஐந்து நிமிடம் தாமதம். அவர் எழுதிக்கொண்டார். கடைசியில் கியர் பற்றியும் சொன்னேன். "அது எனக்கும் தெரியும் லா" என்று சிரித்தார்.

அதன் பிறகு பயிற்சி மாறியது. வேன் ஆசை போனதும் எனக்கு மெஷின் மேல் இருந்த பகையும் போய்விட்டது. தலையில் மாட்டும் கண்ணாடிக்குள் ஒரு பழத்தோட்டம் வரும். பழுத்தவை எல்லாம் இடது பக்கத்தில். இடது கையில் விரலை விரிக்க உதவும் ரோபோ கையுறை. பறிக்க வேண்டுமானால் முதலில் என் இடது கையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்று கட்டிவிட்டாள். கண்ணாடிக்குள் தெரியும் கையிலும் அதே பட்டை இருந்தது.

"மொதல்ல செவப்ப தேடுங்க, ஆண்ட்டி. அப்பறம் பழத்த தேடுங்க."

ஆரம்பத்தில் அரை மணி நேரத்துக்கு இரண்டு பழம். களைப்பில் காரிலேயே தூங்கிவிடுவேன். நாலைந்து மாதம் கழித்து மறுபடி அந்தச் சாலையைப் போட்டாள். தலையை நடுவோடு நிறுத்தாமல், தாடை தோளைத் தொடும்வரை திருப்பினேன். மோட்டார் சைக்கிள் வந்தது. அதை முதன்முதலாகப் பார்த்தபோது, வெகுநாள் காணாத ஒருவரைப் பார்த்ததுபோல இருந்தது. போக விட்டேன். பத்தில் ஒன்பது முறை கடந்தேன். பத்தாவதில் அடிபட்டேன், அன்று ஹாரனுக்கு நான் கோபப்படவில்லை.

இப்போது கீழே உள்ள கடைக்குத் தனியாகப் போய்வருகிறேன். கதவு நிலையில் இடது தோளை இன்னும் இடித்துக்கொள்கிறேன். களைப்பாக இருக்கும் நாளில் இடது பக்கம் பாதியாகிவிடும், அன்று வெளியே போவதில்லை. கை பையைப் பிடிக்கும், கதவைத் தள்ளும். சின்ன வேலைகள் வரவில்லை.

மையத்துக்கு மாதம் ஒருமுறைதான் போகிறேன். போன முறை அவள், "அடுத்து என்ன வேணும், ஆண்ட்டி?" என்று கேட்டாள். ஒரு வருடமாகத் தலைவழி மாட்டும் தளர்ந்த உடுப்புகளைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்குச் சேலை கட்ட வேண்டும், ரவிக்கைக் கொக்கியை நானே மாட்ட வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்ததால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதற்கு ரோபோ கிடையாது. ஒரு பலகையில் துணி தைத்து ஐந்து கொக்கி வைத்துக் கொடுத்தாள். தினமும் காலையில் அதோடு உட்காருகிறேன். மூன்று மாட்டிவிட்டேன்.