பதினோராவது பொத்தான்

மாலை ஐந்து இருபதுக்குச் செய்தி வந்தபோது வசந்தன் பொந்தியான் ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, பொத்தானைத் தட்டினால் தாளம் எழுப்பும் ஒரு பழைய டிரம் மெஷினை மூன்றாவது தடவையாக டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். முதல் இரண்டு தடவையும் அதேதான். இஸ்திரி மேசையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது மனைவி யோகேஸ்வரி போட்ட சட்டம். அந்தப் பாதி நாற்பது.

போனில் பாலோ ஊரிலிருந்து சித்தப்பா மகன் ரூபேந்திரன். "அண்ணே, அப்பா போயிட்டாரு."

வசந்தன் எழுந்தான். விலை பேசவில்லை. அடாப்டர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு மெஷினைப் பின் இருக்கையில் வைத்து வண்டியை எடுத்தான். விற்றவர் ஜன்னலருகே ஓடி வந்து ஏழு விரல்களைக் காட்டினார். "துஜோ ஹாரி, பாங்." ஏழு நாள் போட்டுப் பார்க்கலாம், பழுதிருந்தால் திருப்பலாம், அதற்குப் பிறகு பேச்சில்லை. எந்த மெஷின் என்று மூன்று வருடமாக நடந்துவந்த தேர்வு நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

செடெனாக்கில் செம்பனை மரங்கள் நின்ற இடத்தில் இப்போது நிற்கும் டேட்டா சென்டர் ஒன்றில், குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது வசந்தனின் வேலை. கோடிக்கணக்கான ரிங்கிட் பெறுமான கருவிகளுக்கு நடுவே நாள் முழுக்க நடக்கிறவனுக்கு, ஐந்நூறுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அவனுக்கு ஆட வராது. கல்யாண வீட்டில் கையைப் பிடித்து இழுத்தாலும் சாப்பாட்டுத் தட்டை விடாமல் நிற்பான். ஆனால் மற்றவர்கள் ஆடுவதற்கு மின்னிசை அமைக்க வேண்டும் என்று ஆசை. மூன்றாவது ஹாலின் விசிறிகள் நிமிடத்துக்கு நூற்று இருபத்தாறு தட்டில் ஓடுகின்றன என்பது அவன் கண்டுபிடிப்பு. "ஹால் நாலு கொஞ்சம் ஸ்லோ லா. கல்யாணத்துக்கு ஆகும், கிளப்புக்கு ஆகாது" என்பான்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் முப்பத்தொரு மெஷின்களை எழுதிவைத்திருந்தான். பொத்தான் எத்தனை, அழுத்தி அடித்தால் சத்தம் கூடுமா, பேட்டரியில் ஓடுமா, எத்தனை பாட்டு சேமிக்கலாம் என்று கட்டம் கட்டமாக. ஒன்று மீன்கடைத் தராசு மாதிரி இருந்ததால் வேண்டாம். ஒன்றின் திருகுகள் அவன் விரலுக்குச் சிறியவை. இன்னொன்று, நிறுத்தினால் அதுவரை செய்த பாட்டை மறந்துவிடும். அதற்கு எதிரே 'எங்க மேனேஜர் மாதிரி' என்று எழுதியிருக்கிறான். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'யோகேஸ்வரி'. அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சரி போட்டிருந்தது. தானாகச் சத்தமே எழுப்பாத, வேறு கருவியை இயக்க மட்டும் உதவுகிற ஒரு பலகை அது.

அதுவரை எல்லாம் போனில்தான். அவன் போனில் தட்டி அமைத்தவற்றை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் சித்தப்பா ஐயாசாமி. முப்பது வருடம் லோரி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த வலது காது காற்றுக்கும் எஞ்சினுக்கும் போய்விட்டது. போனை இடது காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். இடது கால் தன்பாட்டுக்குக் கிளட்ச் மிதிக்கும்.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா மூணாவது கியர்லயே ஓடுதுடா. எப்ப நாலு போடுவ?"

"மெஷின் வாங்கினதும் போடுறேன் சித்தப்பா."

"நீ வாங்குறதுக்குள்ள எனக்கு இந்தக் காதும் போயிடும்."

சாவு வீட்டில் யாரோ பின் இருக்கையில் கிடந்த அந்த மெஷினை இண்டக்சன் அடுப்பு என்று நினைத்துச் சமையல் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர்ப் பானையை அதன் மேல் ஏற்றி வைத்த பிறகு, ரூபேந்திரன் வசந்தனைத் தேடி வந்தான். "பதினாறு பட்டன் இருக்குண்ணே. தண்ணி கொதிக்க எத அமுக்கணும்?" அழுது வீங்கிய கண்களோடு கேட்டவனிடம் எதை விளக்குவது?

"கேஸ்லயே வச்சிருடா."

பதினாறாம் நாள் காரியம் வரை பங்காளி வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது. மெஷினுக்கோ ஏழு நாள்தான் கெடு. முதல் நாள் ராத்திரியே யோகேஸ்வரியிடம் பேச்சை ஆரம்பித்தான்.

"ஹெட்போன் போட்டுக் கேக்குறேன்."

"உங்களுக்குக் கேக்கும்ல?"

"நீ மட்டும் சீரியல் பாக்குற."

"எங்க பாக்குறேன்? படிக்கிறேன்."

உண்மைதான். டிவியின் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு, கீழே ஓடும் மலாய் எழுத்துகளை அவள் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், அவள் அடுக்களையில் இருந்தபோது, வசந்தன் ஹெட்போனைக் கையில் எடுத்தான். கழுத்துவரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கழற்றி வைத்துவிட்டான். மின்சாரம் கொடுக்காமலே ரப்பர் பொத்தான்களைத் தட்டிப் பழகினான். டப் டப் என்றது. "அது என்ன?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரப்பர்" என்றான். ரப்பருக்குத் தடையில்லை.

ஆறாம் நாள் வேலையிடத்து கேன்டீனில் ஒரு வழி பிறந்தது. மேற்பார்வை எஞ்சினியர் ஷாந்தினி யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொள்ளுத் தாத்தா ரயில்வேக்காரர். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். துக்கக்காரர் அல்ல. அவர் கேட்கட்டும், இவன் அடிக்கட்டும். படிவம் இல்லாமல் எதையும் சோதிக்காத ஷாந்தினி, பராமரிப்புப் படிவம் ஒன்றில் பதினாறு வரி போட்டுக்கொண்டு ஹெட்போனை மாட்டினார். வசந்தன் முதல் பொத்தானை அடித்தான்.

"என்ன கேக்குது மிஸ்?"

"டொம்."

"என்ன டொம்? கதவு சாத்துற டொம்மா, டுரியான் விழுற டொம்மா?"

ஷாந்தினி யோசித்தார். "டுரியான். ஆனா ஈர மண்ணுல."

வசந்தனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாவது, யாரோ முறுக்கு கடிக்கிறார்கள். ஐந்தாவது, விசிலுக்கு முந்தின குக்கர். ஒன்பதாவதுக்கு மட்டும் ஷாந்தினி பேனாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது எங்க ஃபாதர் மைக்ல தும்மினா வரும்."

பதினொன்று.

"அடிங்க வசந்தன்."

"அடிச்சிட்டேன் மிஸ்."

"இன்னொரு தடவ."

படிவத்தில் எழுதினார்: '11. சத்தமில்லை. ஆறு முறை சோதிக்கப்பட்டது.' மற்ற பதினைந்தும் நலம். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். "ரப்பருக்குக் கீழ ஈரமோ அழுக்கோ இருக்கும். திறந்து காது பட்ஸால துடைச்சா சரியாயிடும், பத்து நிமிஷ வேல. ஆனா திறந்துட்டா அந்த ஆள் திருப்பி எடுக்க மாட்டார். யோசிச்சுக்கங்க."

மறுநாள் ஏழாம் நாள். "திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இன்னியோட முடியுது" என்றாள் யோகேஸ்வரி.

"பானைய ஏத்துனது நம்ம ஆளுங்க."

"அதுக்கு முந்தியே இப்படித்தான் இருந்திருந்தா?"

வசந்தன் மெஷினைத் துண்டில் சுற்றிக் கார் வரை கொண்டுபோனான். கதவைத் திறந்தான். பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே திரும்பி வந்தான்.

"சித்தப்பாவுக்கும்தான் ஒரு காது கேக்கல. அவரத் திருப்பியா குடுத்தோம்?"

யோகேஸ்வரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து அலமாரி மேல் வைத்தாள். மேசை முழுவதும் காலியானது.

பதினாறாம் நாள் பாலோவில் காரியம் முடிந்து வந்து, குளித்து, விளக்கேற்றிய பிறகு வசந்தன் மெஷினுக்கு முதல் தடவையாகச் சத்தம் கொடுத்தான். நூற்று இருபத்தாறு. ஈர மண்ணில் டுரியான் விழுந்தது, முறுக்கு கடிபட்டது, ஃபாதர் தும்மினார். ஒரு நிமிடம் எல்லாம் வழக்கம்போல் மூன்றாவது கியரில் போனது. பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, மூச்சு விடுகிற நேரம் பொறுத்து, மொத்தமாக இறக்கினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இப்ப ஏறுது" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

இப்போது வாரம் ஒரு பாட்டாவது செய்கிறான். அடிக்கும்போது பதினோராவது பொத்தானையும் விடுவதில்லை. அதன் முறை வரும்போது விரல் போய் அடித்துவிட்டு வருகிறது. சத்தம் வருவதில்லை.

போன மாதம் பழுதை நீக்கிவிடலாம் என்று மெஷினைத் திருப்பிப் போட்டான். அடியில் ஆறு திருகாணிகள். ஐந்து, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கிடக்கின்றன. பக்கத்தில் காது பட்ஸும் ஸ்பிரிட் குப்பியும் இருக்கின்றன. ஆறாவது இன்னும் மெஷினிலேயே இருக்கிறது.